பதிவேட்டைத் தாண்டாத பார்வை: மைசூரு மாவட்டப் பள்ளிகளும் சமூகப் பணிகளின் மதிப்பீடும்

கர்நாடகத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி பாடம் மட்டும் நடத்துவதில்லை. அட்சர தாசோஹா திட்டத்தில் மதியச் சாப்பாடு, 2013 முதல் க்ஷீர பாக்யா வழியாக 18 கிராம் பொடியில் கரைத்த 150 மில்லி பால், முட்டை, உடல்நலப் பரிசோதனை, பெற்றோரை அழைத்துப் பேசும் ‘சமுதாயதத்த ஷாலே’ கூட்டம் என அதன் வேலை நீள்கிறது. ஆய்வுக்கு வருபவர் இவற்றை எதைக் கொண்டு எடைபோடுகிறார்? பணி நடந்ததற்கான சான்றைத்தான் நம் ஆய்வுமுறை கேட்கிறது. அந்தப் பணி யாரைச் சென்று சேரவில்லை என்று கேட்பதில்லை. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

கருவியே இல்லை என்று சொல்ல முடியாது. 2015 நவம்பரில் வெளியான ‘ஷாலா சித்தி’ பள்ளி மதிப்பீட்டுச் சட்டகத்தில் 7 களங்களும் 46 அடிப்படைத் தரங்களும் உண்டு. பள்ளி முதலில் தன்னைத்தானே மதிப்பிடும். பிறகு வெளியார் மதிப்பிடுவார்கள். ஆறாவது களம் உள்ளடக்கம், உடல்நலம், பாதுகாப்பு பற்றியது. ஏழாவது களம் சமூகப் பங்கேற்புக்கே உரியது. ஊரைக் கற்றலுக்கான வளமாகக் கொள்வதும் ஊர் மக்களை வலுப்படுத்துவதும் அதில் தனித்தனித் தரங்கள். பாராட்ட வேண்டிய ஏற்பாடு இது.

சமூகப் பங்கேற்பில் கர்நாடகம் முன்னோடியும்கூட. ராஜா ராமண்ணா தலைமையிலான கல்விப் பணிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2001-லேயே பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழுக்கள் வந்துவிட்டன. உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்று மத்தியச் சட்டம் விதித்தது 2009-இல்தான்.

சிக்கல் மேசையில் தொடங்குகிறது. தீர்மானப் புத்தகம் விரிக்கப்படுகிறது: தேதி, பொருள், தீர்மானம், கீழே கையெழுத்துகளும் கைநாட்டுகளும். பக்கத்தில் அரிசி இருப்புப் பதிவேடும், சமைத்ததை ஆசிரியர் ருசிபார்த்த குறிப்பும். எல்லாம் சரியாக இருந்தால் கட்டங்கள் நிரம்பிவிடும். கைநாட்டு வைத்த தாய் கூட்டத்தில் வாய் திறந்தாரா, வராத தாய் ஏன் வரவில்லை என்பதற்கு அங்கே கட்டம் கிடையாது.

மைசூரு மாவட்டத்து எச்.டி.கோட்டே வட்டத்தில் இந்த வெற்றிடம் பெரிது. நாகரஹொளே, பந்திப்பூர் காடுகளை ஒட்டிய ஹாடிகள் எனும் பழங்குடிக் குடியிருப்புகளில் ஜேனு குருபர், காடு குருபர், எரவர் வாழ்கிறார்கள். காப்பி பறிப்புக் காலத்தில் பல குடும்பங்கள் குடகுத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்விடுகின்றன. பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். அந்த மாதங்களில் பள்ளியில் பால் காய்ச்சப்படும், கூட்டமும் கூடும். பதிவேடு பொய் சொல்லாது. ஆனால் யாருக்கு மிக அவசியமோ அந்தப் பிள்ளை குடகில் இருக்கும். மதிப்பீட்டில் அந்தப் பள்ளி தேறிவிடும். அந்தப் பிள்ளை கணக்கிலேயே வராது.

இதே வட்டத்தில் வேறொரு வழியும் இருக்கிறது. 1984-இல் மைசூரு மருத்துவ மாணவர்கள் தொடங்கிய சுவாமி விவேகானந்தா இளைஞர் இயக்கம், பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியிலிருந்து கல்விக்கு வந்து ஹோசஹள்ளியில் பள்ளி நடத்துகிறது. அங்கே குடும்பத்தின் உடல்நலமும் பிள்ளையின் படிப்பும் ஒரே வேலையின் இரு பக்கங்கள். இதைப் பதிவேட்டுக் கணக்கில் அடக்க முடியாது.

இங்கிலாந்தும் இந்த இடத்தில் தடுமாறியது. 2010-க்குள் எல்லாப் பள்ளிகளும் காலை 8 முதல் மாலை 6 வரை பிள்ளைப் பராமரிப்பு, பெற்றோர் ஆதரவு முதலியவற்றுக்கு வழிசெய்ய வேண்டும் என்று 2005-இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் இப்பணிகளைத் தனியே ஆராய்ந்து, பிள்ளைகளின் தன்னம்பிக்கையும் உறவுகளும் மேம்பட்டதாகச் சொன்னது. விளைவைப் பள்ளிகள் முறையாக மதிப்பிடுவது குறைவு என்பதையும் சுட்டியது. ஆனால் அங்கே விளைவு என்ன என்ற கேள்வியாவது கேட்கப்பட்டது. நாம் இன்னும் கேட்கவே இல்லை.

செய்யக்கூடியது எளிது. ஏழாவது களத்தை மதிப்பிட வருபவர் ஒரு முற்பகலை ஹாடியில் செலவிடட்டும். வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விடுபட்ட பெயர்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகட்டும். வீடு பூட்டியிருந்தால் அதையும் எழுதட்டும். காப்பிப் பருவத்தில் குடகுப் பள்ளி அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டதா என்று கேட்கட்டும். கர்நாடகக் கல்வித் துறை இவை அனைத்தையும் எச்.டி.கோட்டேயிலேயே தொடங்க வேண்டும். அடுத்த பறிப்புக் காலத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.