விளக்கேற்றியது சந்தையா?

மானியம் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் மேதைகள் நாட்டில் உண்டு. "உழவனுக்கு இலவச மின்சாரமா? கருவூலம் காலியாகிவிடும்! மின்சாரத்தைச் சந்தையிடம் விட்டுவிடுங்கள்; போட்டி வளரும், விலை குறையும்" என்பது அவர்தம் உபதேசம். உபதேசத்தை ஏற்குமுன் வரலாற்றைக் கேட்போம். கேட்பதற்கேற்ற இடம் கூடலூர்.

கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில், மலைச்சரிவில் நான்கு இராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பென்னிகுயிக். 1895-இல் தண்ணீர் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப் பட்டுடுத்தியது. ஆனால் அந்த வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பிறக்க அறுபதாண்டுகளுக்கு மேலாயின. குத்தகை ஒப்பந்தப்படி அந்நீர் பாசனத்துக்கே உரியது என 1941-இல் நடுவர் தீர்ப்புரைத்தார். வழக்கைப் பேசித் தீர்த்தவை அரசுகள். 1958-இல் முதல் பொறியைச் சுழலவிட்டதும் அரசின் மின்வாரியமே. நான்கு பொறிகள், 140 மெகாவாட்! நீர் முதலில் விளக்கை ஏற்றியது. பின் வயலை நனைத்தது.

அதுவரை சந்தை எங்கே இருந்தது? சென்னை மாநகரில் இருந்தது! அங்கே மின்சாரம் விற்றது தனியார் கம்பெனி. 1947-இல்தான் அரசு அதனை ஏற்றது. இலாபம் மின்னிய இடத்தில் கம்பெனி விளக்கு மின்னிற்று. பைக்காராவையும் மேட்டூரையும் பாபநாசத்தையும் கட்டியது பொதுப்பணம். பத்து வீடுகளுக்காகப் பத்துக் கல் தொலைவு கம்பி இழுக்க எந்த முதலாளி முன்வருவான்? 1948-ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டமும், 1957-இல் பிறந்த சென்னை மாநில மின்வாரியமும் அந்தக் கம்பியை இழுத்தன. கிணற்றில் கவலை ஓய்ந்தது, பம்புசெட் பேசிற்று.

சலுகையும் வானத்திலிருந்து விழவில்லை. 1970-இலும் 1972-இலும் மின்கட்டண உயர்வை எதிர்த்த உழவர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சிறு உழவர்க்கும், 1990-இல் கலைஞர் ஆட்சி உழவர் அனைவர்க்கும் கட்டணத்தை நீக்கின. 2003-இல் பறிக்கப்பட்ட இலவசம் 2004 தேர்தலுக்குப்பின் மீண்டது.

இன்னொரு காட்சியையும் காண்க. அதே தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. 1990-களில் காற்றாலை நிறுவிய நிறுவனங்களுக்கு, முதலாண்டிலேயே நூறு விழுக்காடு தேய்மானம் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தந்தது. தூய மின்சாரம் வளர்ந்தது, நன்று. ஆனால் கருவூலம் இழந்த அந்த வரியின் பெயரென்ன? "ஊக்கம்"! உழவனுக்குத் தந்தால் "இலவசம்"! ஆலைக்குத் தந்தால் அறிவு, ஏருக்குத் தந்தால் அழிவு என்பது பொருளாதாரமா, வருணாசிரமமா?

ஆயினும் தோழர்களே, பகுத்தறிவு எதிரியின் பொய்யை மட்டும் உரசிப் பார்ப்பதன்று. நம் பக்கத்துக் குறையையும் உரசிப் பார்ப்பதே. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பாசன இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரில்லை. ஆழ்துளைக் கிணறும் பெருநிலமும் உடையவன் அதிகம் பெறுகிறான். ஒற்றைக் கிணற்றுக்காரன் குறைவாகப் பெறுகிறான். அந்த வயலில் களையெடுக்கும் நிலமற்ற கூலியாளுக்கு அம்மானியத்தில் நேர்ப்பங்கு இல்லை. அளக்காத மின்சாரம் நிலத்தடி நீரையும் அளவின்றி உறிஞ்சுகிறது. மானியத் தொகையை மாநில அரசு முன்கூட்டியே வாரியத்துக்குச் செலுத்த வேண்டுமென்கிறது 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 65-ஆம் பிரிவு. செலுத்தத் தவறினால் கடன் பெருகும். கடனைக் காட்டி, "விற்றுவிடு" என்பான் வணிகன்.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. மானியம் நிற்கட்டும், அது மக்கள் பணத்தில் பிறந்த மின்சாரத்தில் மக்களுக்குள்ள பங்கு. ஆனால் அளவு தெரியட்டும். யாருக்கு எவ்வளவு என்பது ஊரறிய எழுதப்படட்டும். மீட்டர் பில் போடுவதற்கன்று, பங்கு சரியா என்று பார்ப்பதற்கு. கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டியவன் ஏழையல்லன். கணக்கில்லாத உரிமையைச் சலுகையென்று சொல்லிப் பறிப்பது எளிது. கணக்குள்ள உரிமையைப் பறிக்க எவனாலும் இயலாது!