பட்டையும் குடிநீரும்

கொழும்புத்துறையிலிருந்து கடனீரேரியைக் கடந்தால் பூநகரி, அதற்கப்பால் வன்னி. அங்கே வயல் செய்யப் போன கமக்காரர் பலர் நெல்லோடு குளிர்காய்ச்சலையும் கொண்டு திரும்பினர். கைக்கெட்டிய மருந்து பரிகாரியாரின் நிலவேம்புக் குடிநீரும் முற்றத்து வேப்பம்பட்டையும். அது காய்ச்சலைத் தணித்ததா, மலேரியா ஒட்டுண்ணியைக் கொன்றதா? விட்டுவிட்டு வரும் காய்ச்சலில், விட்ட நாளெல்லாம் மருந்தின் வெற்றியாகவே தோன்றும்.

அவ்வாறன்றிச் சோதித்தறியப்பட்ட மரம் தென்னமெரிக்கச் சிங்கோனா. அதன் பட்டையிலிருந்து 1820இல் பாரிசில் கொயினா பிரித்தெடுக்கப்பட்டது. 1866இல் சென்னையில் அமைந்த ஆணைக்குழு பட்டையின் நான்கு காரப்பொருள்களை நோயாளரிடம் தனித்தனியே சோதித்து, மற்ற மூன்றும் கொயினாவுக்கு ஏறக்குறைய நிகரென்று கண்டது. ஏழைக்கு மலிவான மருந்து கிட்டும் வழி அன்றே திறந்தது.

இலங்கையிலும் அம்மரம் வளர்ந்தது. 1861இல் ஹக்கலையில் தோட்டம் அமைந்தது. 1880களின் நடுவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1.5 கோடி இறாத்தல் பட்டை கப்பலேறியது. சந்தை நிரம்பி விலை வீழ்ந்ததும் துரைமார் மரத்தைப் பிடுங்கித் தேயிலை நட்டனர். அவர்களுக்கு அது மற்றுமோர் ஏற்றுமதிச் சரக்கு, அவ்வளவே. 1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் குட்டைகளாய்த் தேங்கின, நுளம்பு பெருகிற்று. அக்கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். உலகுக்குப் பட்டை அனுப்பிய நாடு அன்று பிறநாட்டுக் கொயினாவை எதிர்பார்த்து நின்றது. சிங்கோனாவின் பெரும்பகுதி ஒல்லாந்தர் ஆண்ட சாவகத்தில் இருந்தது. கிராமங்களுக்கு மருந்து சுமந்து சென்ற சூரிய மல் இயக்கத்தினர், பட்டினி கிடந்த உடலுக்கு மருந்து மட்டும் போதாதென்று கண்டு, மார்மைட்டும் சேர்த்துக் கொடுத்தனர்.

சீனத்தில் 1967இல் அரசு தொடங்கிய ஆய்வின் கதை வேறு. நம் மாசிப்பத்திரிக்கு உறவான ஒரு பூண்டைத் து யூயூ அம்மையார் ஆராய்ந்தார். நான்காம் நூற்றாண்டின் கே ஹொங் அதை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார், காய்ச்சச் சொல்லவில்லை. மூலபாடத்தை ஊன்றிப் படித்ததன் பயன் இது என்பதில் தமிழ் கற்பிக்கும் நமக்கும் சிறிது பெருமை. வெப்பம் மருந்தைக் கெடுக்கிறதென்று ஊகித்து, குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதரால் அவர் சாறெடுத்தார். 1971இல் அச்சாறு எலிகளின் மலேரியாவை முற்றாக ஒழித்தது. மறு ஆண்டு, தாமும் உடன்பணியாளரும் உட்கொண்டு பார்த்த பின்னரே நோயாளருக்குக் கொடுத்தார். 2015இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது.

நமது குடிநீரோ எட்டிலொன்றாக வற்றக் காய்ச்சப்படுவது. வேம்பின் சில சரக்குகள் ஆய்வுகூடத்தில் ஒட்டுண்ணியைத் தடுத்துள்ளன. மனிதரிடம் நிறுவப்பட்ட மலேரியா மருந்தாக வேம்பு இன்னும் ஆகவில்லை.

வயிற்றுப் புழுவுக்கு நம்மவர் கொடுத்த ஆடுதின்னாப்பாளையின் செய்தி இன்னும் கடுமையானது. அதன் பேரினத்துச் சீன மூலிகையொன்று கலந்த மெலிவு மருந்தை உண்ட பெல்ஜியப் பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது 1993இல் வெளியாயிற்று. காரணமான அமிலம் புற்றுநோயும் விளைப்பது. ஆடுதின்னாப்பாளையிலும் அது உண்டு. புழு விழுவது சில நாளில் தெரியும். சிறுநீரகம் கெடுவது ஆண்டுகள் கழித்தே தெரியும். அப்போது அந்த நோயாளி பரிகாரியாரின் திண்ணைக்கு வருவதில்லை.