மணலில் எழுதியவர்கள்

1789-ல் எழும்பூரில் தொடங்கிய ராணுவ ஆண்கள் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார் ஆண்ட்ரூ பெல். பிரிட்டிஷ் சிப்பாய்களின் பிள்ளைகள் படித்த இடம் அது. ஒருநாள் குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படியே சொல்லித்தரச் சொன்னார். ஆசிரியர் முடியாது என்றார். எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கினிடம் வகுப்பை ஒப்படைத்தார் பெல். பையன் சொல்லிக்கொடுத்துவிட்டான்.

நம்ம திண்ணைப் பள்ளிக்கு இதெல்லாம் பழைய சங்கதி. மூத்த பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லித்தருவான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பேர். 1797-ல் பெல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' பிரிட்டன் முழுக்கப் பரவியது. காரணம் எளிது: செலவு கம்மி. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம். ஏழைப் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் தேவையில்லை என்று எழுதியவரும் இதே பெல்தான். முறை பிள்ளையை நம்பியது; அதைக் கொண்டுவந்தவர் அந்தளவுக்கு நம்பவில்லை.

2003-ல் அதே சென்னையில் இன்னொரு முயற்சி. அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார், ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளிலிருந்து செயல்வழிக் கற்றலை எடுத்து, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். பாடம் அட்டைகளாகப் பிரிந்தது. அட்டைகள் ஏணிப்படிகளாக வரிசையாகின. கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்கு இறங்கியது. ஆசிரியர் பாயில் உட்கார்ந்தார். சில படிகளை அவரோடும், சிலதை நண்பர்களோடும், சிலதைத் தனியாகவும் பிள்ளை ஏறும். 2007-08-ல் இது மாநிலம் முழுக்கப் போனது. 2011 வரை தனி நகராட்சியாக இருந்த திருவொற்றியூருக்கும் அப்படித்தான் வந்தது.

வடசென்னைக்கு இதில் ஒரு தனிப் பொருத்தம் உண்டு. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்கு அம்மாவோடு போன பிள்ளை ரெண்டு நாள் பள்ளிக்கு வரலைன்னு வைங்க. வழக்கமான வகுப்பில் பாடம் அவளைத் தாண்டிப் போயிருக்கும். ஏணியில் அவள் விட்ட படி அங்கேயே இருக்கும், கேமில் சேவ் பண்ணி வைத்த மாதிரி. 'பின்தங்கியவள்' என்ற பேர் அவளுக்கு விழாது.

ஆனால் அட்டை கிழிந்தால் மாற்ற ஆள் வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் என்றால் ஏணி வெறும் சுவர்ப்படம்தான். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கிறது. பேர் மாறலாம். ஆசிரியர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுக்கிறோமா, அவளை நம்பிக் கொடுக்கிறோமா? எழும்பூரில் தொடங்கிய அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு திட்டமும் பதில் சொல்லியாக வேண்டும்.