நின்ற இதயம்... அப்புறம்?

மக்களே, அல்சூர் பக்கம் ஜோகுபாளையத்தில் வயதான அப்பா அம்மாவை விட்டுவிட்டு, கடல் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்காக ஒரு சின்ன வரலாறு.

1960 வரை வீதியில் இதயம் நின்றால் அநேகமாகக் கதை முடிந்தது. அந்த வருடம்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும், நெஞ்சைத் திறக்காமல் கையால் அழுத்தியே ரத்தத்தை ஓட வைக்கலாம் என்று எழுதினார்கள். கூவன்ஹோவன் டாக்டர் அல்ல, எலெக்ட்ரிகல் இன்ஜினியர் (நம்ம ஆளு!). 1966-ல் பெல்ஃபாஸ்டில் பான்ட்ரிட்ஜ், ஷாக் கொடுக்கும் கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றினார்.

சரி, பிழைத்தவர்கள் பிறகு எப்படி வாழ்கிறார்கள்? மினசோட்டாவின் ஓல்ம்ஸ்டெட் கவுண்டியில் போலீஸ்காரர்களும் அந்தக் கருவியோடு ஓடுவார்கள். அங்கே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோன 200 பேரைப் பற்றிய ஆய்வு 2003-ல் வந்தது. 10-க்கு 4 பேர் மூளை பாதிக்கப்படாமல் வீடு திரும்பினார்கள். அவர்களில் 10-க்கு 8 பேருக்கு 5 வருடம் தாண்டியும் ஆயுள். பெரும்பாலானோரின் வாழ்க்கை மற்றவர்களுடையதைப் போலத்தான். மறதி, அசதி, பயம் சிலருக்கு மிஞ்சுவதும் உண்மை.

2021 அக்டோபர் 29-ல் புனீத் ராஜ்குமார் 46 வயதில் போனதும் பெங்களூரு ஆஸ்பத்திரிகளில் செக்கப்புக்குக் கூட்டம் அலைமோதியது. செக்கப் நல்லதுதான். ஆனால் ரத்தம் போகாவிட்டால் மூளை சில நிமிடங்களே தாங்கும். 108 வருவதற்குள் தேவைப்படுவது பக்கத்து வீட்டுக் கைகள்: நடு நெஞ்சில், 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100-120 அழுத்தம்.

இந்த வாரம் ஊருக்குப் பேசும்போது, மாத்திரை சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு, இதையும் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லுங்கள்.