நீர்வீழ்ச்சி ஊருக்கு வந்த தாதி

நான் இன்று கதைக்கப்போவது லிட்டில் ஃபோல்ஸ் பற்றி. நியூயோர்க் மாநிலத்தில், மோஹாக் ஆற்றங்கரையில், 5,000 பேர்கூட இல்லாத நகரம். பெயரில்தான் ‘சிறிய’ வீழ்ச்சி. ஆறு ஒரு மைலுக்குள் ஏறக்குறைய 40 அடி இறங்குவதால், முன்பு மேற்கே போன படகுகளெல்லாம் இங்கே நின்றன. சாமான்களை இறக்கி, பாறைகளைச் சுற்றிக் கொண்டுபோய், மறுபடி ஏற்ற வேண்டும்.

1795 இல் பிலிப் ஸ்கைலர் தலைமையிலான கம்பனி அந்த ஒரு மைலுக்குக் கால்வாய் வெட்டியது. அதில் ஐந்து லொக்குகள். அதாவது படகை உள்ளே விட்டு, கதவை அடைத்து, தண்ணீரை நிரப்பி உயர்த்தும் தொட்டிகள். மரத்தில் செய்தவை சீக்கிரமே உக்கிவிட, கல்லில் திருப்பிக் கட்டினார்கள். 1825 இல் 363 மைல் நீள ஈரிக் கால்வாய் வந்தது. 1916 இல் முடித்த 17ஆம் இலக்க லொக் தனியாகவே படகை 40.5 அடி தூக்குகிறது. அதன் கீழ்ப்பக்கக் கதவு மேலே எழும்பும். படகு அதற்கு அடியால் போகும்.

படகை மறித்த அதே தண்ணீர்தான் ஆலைகளை ஓட்டியது. பின்னலாடை ஆலைகளுக்குப் போலந்து, இத்தாலி, ஸ்லோவாக்கியப் பக்கத்துச் சனங்கள் வேலைக்கு வந்தார்கள். பாதிப்பேருக்கு மேல் பெண்கள் என்றாலும், நான் சொல்ல வந்தது ஆலைக்கு வெளியிலிருந்து வந்த ஒருத்தியை. ஹெலன் ஷ்லோஸ், என்னைப்போல ஒரு தாதி. 1912 இல் ஊர்ப் பெண்கள் சங்கமொன்று காசநோயைக் கவனிக்க அவரை வேலைக்கு அமர்த்தியது. தொழிலாளர் வீடுகளுக்குள் போனவர், நோய்க்கு முன்னால் கூலியைக் கண்டார்.

அந்த ஒக்டோபரில் புதுச் சட்டம் பெண்களின் வேலைநேரத்தை வாரம் 60 மணியிலிருந்து 54 ஆகக் குறைத்தது. முதலாளிகள் சம்பளத்தையும் குறைத்தார்கள். ஆறு மணிநேரக் கூலி என்றால் பாண் காசு. வேலைநிறுத்தம் வெடித்தது. பேச வந்த ஸ்கெனெக்டடி மேயர் ஜோர்ஜ் லன் கைதானார். அவர் போதகராக இருந்தவர் என்பதை எங்கள் சபைகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஷ்லோஸ் வேலையை விட்டுவிட்டு, வேலைநிறுத்தக்காரரின் சமையற்கூடத்தில் நின்றார். அவரையும் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

சாப்பிட்டாயா என்று கேட்காமல், மருந்து அட்டையை மட்டும் நிரப்பிவிட்டு வந்த நாட்கள் எனக்கும் உண்டு. வேலை போய்விடும் என்ற பயம்தான். அதனால் அவரை வீராங்கனை என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு முடியவில்லை.

1913 ஜனவரித் தொடக்கத்தில் 54 மணிநேர வேலைக்கு 60 மணிநேரக் கூலி என்று முடிவானது. அதற்குப் பிறகும் பெஞ்சமின் லெகெரேயும் பிலிப்போ பொக்கினியும் சிறைக்குப் போனார்கள்.