ஆமை போன ஆறு



"ஆமை புகுந்த வீடு உருப்படாது." இந்தப் பழமொழிக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் உங்களுக்குத் தெரியும்: பொறாமை, முயலாமை, கல்லாமை. நானும் அதைத்தான் சொன்னேன். தங்காக்கில் என் படிவம் இரண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: "அப்போ ஆமை போன ஆறு மட்டும் உருப்படுமா, டீச்சர்?" வகுப்பே சிரித்தது. எனக்குத்தான் பதில் வரவில்லை. தேடியபோது கிடைத்த வரலாறு இது.

நம் நாட்டு ஆறுகளில் வாழும் பெரிய ஆமை துந்தோங். பெண் ஆமை மணல்திட்டில் ஏறிக் குழி தோண்டி முட்டையிடும். பிறகு உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு மணலை இறுக்கும். அந்தச் சத்தமே அதன் பெயரானது என்பார்கள். ஒலிக்குறிப்புச் சொல்லுக்கு நல்ல எடுத்துக்காட்டு, பாருங்க!

பேராக் ஆற்றில் ஒரு காலத்தில் இவை ஏராளம். முட்டையை எடுத்தார்கள், எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மணல் அள்ளினார்கள், அணை கட்டினார்கள். ஆமை குறைந்தது. 1960களின் இறுதியில் வனவிலங்கு இலாகா போத்தா கானானில் காப்பகம் தொடங்கியது. முட்டைகளைச் சேகரித்து, பாதுகாப்பான மணலில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் குளத்தில் வளர்த்து ஆற்றில் விட்டார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். ஆகவே, மணல் எங்கே இருக்கிறது, நிழலா வெயிலா என்பதெல்லாம் முக்கியம்.

கம்போடியாவில் இதே ஆமை அழிந்தேவிட்டது என்று நினைத்தார்கள். 2001இல் ஸ்ரே அம்பெல் ஆற்றில் மீண்டும் கண்டார்கள். 2005இல் அது அந்நாட்டின் தேசிய ஊர்வனவானது.

ஆனால், வளர்த்தால் மட்டும் போதுமா? சென்னைக்கு அருகே 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணையைப் பாருங்கள். சதுப்புநில முதலைகள் அங்கே நன்றாகவே பெருகின. பல மாநிலங்களுக்கும் அனுப்பினார்கள். கடைசியில் விடுவதற்கு இடம்தான் போதவில்லை. தொட்டியில் பெருக்குவது ஒரு வேலை. ஆற்றைக் காப்பது அதைவிடப் பெரிய வேலை.

அதனால்தான் கெமாமானில் மலேசிய ஆமைப் பாதுகாப்புச் சங்கம் 2011இலிருந்து ஆற்றங்கரை ஊர்மக்களையும் சேர்த்துக்கொண்டு முட்டைகளைக் காக்கிறது, குஞ்சுகளை விடுகிறது.

அந்த மாணவனிடம் அடுத்த வாரம் சொன்னேன்: "ஆமை சும்மா போகவில்லை, தம்பி. முதலில் நம்முடைய கவனியாமை ஆற்றுக்குள் புகுந்தது." இம்முறை யாரும் சிரிக்கவில்லை. நீங்களும் இந்தப் பழமொழியை நடத்தும்போது அவன் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்.