நட்சத்திரத் தரவரிசை (அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து)

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கல்லூரிக் கால்பந்து அணிகள் உதவித்தொகை தந்து சேர்த்துக்கொள்கின்றன. அதற்கு முன்பே அவர்களின் வருங்கால ஆட்டத்தைக் கணித்து, ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் இடும் முறை இது. (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தே இங்கு கால்பந்து எனப்படுகிறது.) 1970களின் இறுதியில் டாம் லெமிங் போன்ற தனிமனிதர்கள் காரில் ஊர் ஊராகச் சென்று, பள்ளி ஆட்டக்காரர்களைப் பார்த்துக் குறிப்பெடுத்து இதழ்களாக அச்சிட்டார்கள். 1990களின் இறுதியில் ரைவல்ஸ் நிறுவனமும், 2010இல் 247ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் இதை இணையத் தொழிலாக்கின. 247ஸ்போர்ட்ஸ் ஆண்டுக்குச் சுமார் 32 பேருக்கே ஐந்து நட்சத்திரம் தருகிறது. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்., கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்க நடத்தும் டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடங்கள் இருப்பதே அதற்குக் காரணம்.

இந்தக் கணிப்பு பொய்த்த கதைகளைத்தான் ரசிகர்கள் அதிகம் சொல்வார்கள். இரண்டு நட்சத்திரத்தோடு சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஜே.ஜே. வாட், பிறகு உதவித்தொகை இல்லாமலே விஸ்கான்சின் அணிக்குப் போனார், என்.எஃப்.எல்.லின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதை மூன்று முறை வென்றார். ஜாஷ் ஆலனைப் பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய கல்லூரியும் அழைக்கவில்லை; 2018 டிராஃப்டில் அவர் ஏழாமவராகத் தேர்வானார். மறுபுறம், 2009இல் ரைவல்ஸ் பட்டியலின் உச்சியில் இருந்த பிரைஸ் பிரவுன் 2012 டிராஃப்டின் கடைசிச் சுற்றான ஏழாம் சுற்றில்தான் எடுக்கப்பட்டார். இவற்றை வைத்துத் தரவரிசையே வெறும் ஊகம் என்று முடிவு கட்டுவது பிழை. என்.எஃப்.எல்.லில் ஐந்து நட்சத்திரக்காரர்களைவிட இரண்டு, மூன்று நட்சத்திரக்காரர்களே அதிகம் என்ற வாதம் உண்மைதான். ஆனால் அது தலைகளை மட்டும் எண்ணுகிறது, விகிதத்தைப் பார்ப்பதில்லை. ஒரு கணக்குக்காக, 30 பேரில் பாதிப்பேரும் 2,000 பேரில் பத்தில் ஒருவரும் தேறுவதாக வைத்துக்கொள்வோம். முதல் கூட்டத்திலிருந்து 15 பேர், இரண்டாவதிலிருந்து 200 பேர். எண்ணிக்கையில் பின்னது பெரிது. ஆனால் தேறும் வாய்ப்பு முன்னதில் ஐந்து மடங்கு. அணிகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. 2011 முதல் 2023 வரையிலான பருவங்களில் தேசியப் பட்டம் வென்ற ஒவ்வொரு அணியிலும், பள்ளியிலிருந்து சேர்த்த வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நான்கு அல்லது ஐந்து நட்சத்திரம் பெற்றவர்கள்.

இன்னொரு மறுப்பு வலுவானது. அலபாமா போன்ற முன்னணிக் கல்லூரி அணி அழைத்தது தெரிந்தால் மதிப்பீட்டாளர்கள் நட்சத்திரத்தைக் கூட்டுகிறார்கள். நட்சத்திரம் கூடியவனுக்கு நல்ல பயிற்சியாளரும் கூடுதல் வாய்ப்பும் கிடைக்கின்றன. ஆக, கணிப்பு தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்கிறது என்பதே அந்த மறுப்பு. இதில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் பல கோடி டாலர் சம்பளம் தரும் என்.எஃப்.எல். அணிகளுக்குப் பழைய நட்சத்திரத்தை மதிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கல்லூரியில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தே எடுக்கும் அவையும் ஐந்து நட்சத்திரக்காரர்களை மிகக் கூடிய விகிதத்தில் தேர்ந்தெடுக்கின்றன. கணிப்பின் உண்மையான பலவீனம் உடல் வளர்ச்சியில் இருக்கிறது. பதினேழு வயதில் ஓட்ட வேகத்தை அளந்துவிடலாம். அதற்குப் பிறகு ஒரு பையன் எவ்வளவு வளர்வான், எந்த இடத்துக்குப் பொருந்துவான் என்பதை அளக்க முடியாது. வாட் கல்லூரிக்குப் போனது தாக்குதல் வரிசையின் டைட் எண்டாக. பேர் எடுத்தது தற்காப்பு வரிசையில்.

2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயரைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் தொடங்கிய பின், அவர்களுக்குத் தனித் தரவரிசையும் வந்துவிட்டது. கல்லூரியில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து இடும் இந்த இரண்டாவது மதிப்பெண்ணே நியாயமானது. கல்லூரி மாறியவர் எவ்வளவு உயரலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: அதே ஆண்டில், போர்ட்டல் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஒஹையோ ஸ்டேட்டில் முதன்மை இடம் கிடைக்காத நான்கு நட்சத்திரக்காரர் ஜோ பர்ரோ லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு (எல்.எஸ்.யு.) மாறினார். 2019 பருவத்தில், சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதும் தேசியப் பட்டமும் அவர் வசமாயின. 2020 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவரும் அவரே.